மற்றப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

என்னுடைய எம்.எட். ஆய்வேட்டின் 94-ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. எட்டாம் வகுப்பு அறிவியல், கருத்து வரைபடம் மூலம், அதாவது பாடத்தின் முக்கியச் சொற்களைக் கட்டம் கட்டிக் கோடுகளால் இணைத்துக் காட்டி, கற்பித்தல். அப்படிப் படித்த சோதனைக் குழு 32 பேர், சராசரி 31. வழக்கமான முறையில் படித்த கட்டுப்பாட்டுக் குழு 31 பேர், சராசரி 22. மொத்த மதிப்பெண் 40. இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைச் சோதிக்கும் டி மதிப்பு 5.95. அதற்குக் கீழே, இந்த மாதிரி ஆய்வேடுகளில் தவறாமல் வரும் அந்த வரி: "எனவே சூனியக் கருதுகோள் மறுக்கப்படுகிறது." இரண்டு குழுவுக்கும் வேறுபாடு இல்லை என்கிற ஊகத்துக்குத்தான் அந்தப் பெயர். டி.டி.பி. கடையில் அந்தப் பக்கத்தைப் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. மூன்று வாரப் பாடம், ஒன்பது மதிப்பெண் வித்தியாசம்!

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் வயதானவர். ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே போய் அந்தப் பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, இந்த 31 பிள்ளைங்களுக்கும் நீங்கதான் பாடம் எடுத்தீங்களா?"

"ஆமா சார்."

"எப்படி எடுத்தீங்க?"

"மரபு முறையில சார்."

"மரபு முறைன்னா?"

"புத்தகத்தை வாசிச்சு, முக்கியமானதை போர்டுல எழுதிப் போட்டு..."

"நீங்க தினமும் அப்படித்தான் வகுப்பு எடுப்பீங்களா?"

எனக்கு வாயடைத்துவிட்டது. நான் அப்படி எடுக்கிற ஆள் இல்லை. எம்.எட். சேருவதற்கு முன் நான்கு வருடம் அதே பள்ளியில்தான் வேலை பார்த்தேன். இலையைப் பற்றிய பாடம் என்றால் கை நிறைய இலையோடுதான் வகுப்புக்குள் போவேன். ஆய்வுக்காகப் போன அந்த மூன்று வாரம் மட்டும், 'ஆ' பிரிவுக்குள் நுழையும்போது என்னை நானே கட்டிப்போட்டுக்கொண்டேன். கேள்வி கேட்ட ஒரு பையனிடம் "அப்புறம் சொல்றேன், உட்காரு" என்று சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. 'அ' பிரிவில் கலர் சாக்பீஸ், சார்ட், கைதட்டல், எல்லாம் நடந்தது. கட்டுப்பாட்டுக் குழு என்று சொல்கிறோமே, கட்டுப்பட்டது பிள்ளைகள் அல்ல, நான்தான்.

"அப்போ இதுல ஜெயிச்சது கருத்து வரைபடமா, உங்க உற்சாகமான்னு எப்படிம்மா சொல்றது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கையெழுத்துப் போட்டார். நல்ல மதிப்பெண்தான் கொடுத்தார். இது நடந்தது 2012-இல். எம்.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்த காலம். 2015-க்குப் பிறகுதான் அது இரண்டு ஆண்டு ஆனது. அந்தக் கேள்வியை நான் ஒழுங்காகப் புரிந்துகொள்ள அதைவிட நிறைய வருடம் ஆனது.

எங்கள் பக்கத்தில் எம்.எட். ஆய்வேடு எப்படி உருவாகும் என்று படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு தலைப்பு, "மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவும் கல்வி அடைவும்" என்கிற மாதிரி. 300 மாணவர்களிடம் வினாத்தாள். பாலினம், கிராமமா நகரமா, அரசுப் பள்ளியா தனியாரா, பயிற்று மொழி, தந்தையின் தொழில், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சூனியக் கருதுகோள். எஸ்.பி.எஸ்.எஸ். என்கிற புள்ளியியல் மென்பொருள் தெரிந்த ஒருவரிடம் தாள்களைக் கொடுத்தால் அட்டவணைகளாகத் திரும்பி வரும். டி மதிப்பு 1.96-க்கு மேலே போனால் கருதுகோளை மறுக்க வேண்டும், கீழே இருந்தால் ஏற்க வேண்டும். அவ்வளவுதான் பகுப்பாய்வு. இரண்டாம் அத்தியாயம் இலக்கிய மீளாய்வு: இந்திய ஆய்வுகள் இத்தனை, வெளிநாட்டு ஆய்வுகள் இத்தனை என்று பத்தி பத்தியாக. அந்த ஆய்வுகளில் ஒன்றையாவது முழுசாகப் படித்தேனா என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். முன்னால் படித்தவர்களின் ஆய்வேட்டிலிருந்து நான் எடுத்தேன், அவர்கள் அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களிடமிருந்து. இப்போது ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் சோத்கங்கா வந்துவிட்டதால் நூலக அலமாரியில் தூசி தட்டக்கூட வேண்டியதில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பலருக்கும் அப்போது அது ஊக்க ஊதியத்துக்கான படிப்பு. எனக்கும் பாதி அப்படித்தான். ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்தும். முதுகலைப் படிப்பு எனக்கு ஆய்வு எழுதக் கற்றுக்கொடுத்தது, ஆய்வு படிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. சமைக்கத் தெரியும், ருசி பார்க்கத் தெரியாது என்கிற நிலை.

தமிழில் இன்னொரு குழப்பமும் உண்டு. "குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்று எழுதுகிறோம் இல்லையா, படிக்கிறவருக்கு அது "குறிப்பிட்டுச் சொல்லும்படியான, பெரிய வேறுபாடு" என்றுதான் காதில் விழும். புள்ளியியலில் அதன் பொருள் வேறு. உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், தற்செயலாக மட்டும் இவ்வளவு வித்தியாசம் வருவது அரிது என்பதுதான் அது. அந்த வித்தியாசம் பெரியதா, சிறியதா, அதற்காக ஓர் ஆசிரியர் மெனக்கெடலாமா என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்லாது. மாதிரியைப் பத்தாயிரம் ஆக்கினால் அரை மதிப்பெண் வித்தியாசமும் 'குறிப்பிடத்தக்கது' ஆகிவிடும். பத்து பேரை வைத்துச் செய்தால் உண்மையான வித்தியாசமே கண்ணில் படாமல் போகும். இந்த ஒரு சொல்லால் நான் ஏமாந்தது கொஞ்சநஞ்சமல்ல.

2012 கடைசியில் அரசுப் பணி கிடைத்தது. விழுப்புரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. பதிவேடு, எமிஸ் என்கிற இணையப் பதிவு, சி.ஆர்.சி. என்கிற குறுவள மையத்தில் பயிற்சி என்று வருடங்கள் ஓடின. திரும்ப ஆய்வுக் கட்டுரைகள் பக்கம் போனது 2020 ஊரடங்கில். அதற்கு முந்தின வருடம்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் பொருளாதார நோபல் கிடைத்திருந்தது. பானர்ஜியும் டுஃப்ளோவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட பாலசகி ஆய்வை எடுத்தேன். மும்பையிலும் வடோதராவிலும் மாநகராட்சிப் பள்ளிகளில், பின்தங்கிய பிள்ளைகள் 15 முதல் 20 பேரைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்துப்போய், அதே பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். பிரதம் என்கிற தொண்டு அமைப்பின் திட்டம் அது.

இரண்டாம் ஆண்டு முடிவில் அவர்கள் கண்ட பலன் 0.28 திட்ட விலக்கம். நான் என் ஆய்வேட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். திட்ட விலக்கம் 6, வித்தியாசம் 9. அதாவது 1.5. நோபல் வாங்கியவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல், அதுவும் மூன்றே வாரத்தில்! சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பேராசிரியர் முகம் ஞாபகம் வந்தது.

திட்ட விலக்கம் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். உங்கள் வகுப்பில் 50 மதிப்பெண் தேர்வு, சராசரி 25. பெரும்பாலான பிள்ளைகள் 15-க்கும் 35-க்கும் நடுவில் இருக்கிறார்கள் என்றால் திட்ட விலக்கம் ஏறத்தாழ 10. இப்போது 0.2 என்றால் சராசரியில் இரண்டு மதிப்பெண் கூடுகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மேத்யூ கிராஃப்ட் என்கிற ஆய்வாளர் 747 கல்விப் பரிசோதனைகளை எடுத்துப் பார்த்து, பொதுத்தேர்வு மாதிரியான அளவுகோலில் 0.20-ஐத் தாண்டினாலே அதைப் பெரிய பலன் என்று சொல்லலாம் என்கிறார் (2020). 0.05-க்குக் கீழே என்றால் சிறியது. நாங்கள் படித்த புத்தகங்களில் இருந்ததோ கோஹென் சொன்ன 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்கிற அளவுகோல். அது வகுப்பறைப் பரிசோதனைகளைப் பார்த்துச் செய்தது அல்ல.

அப்படியானால் என் 1.5 எங்கிருந்து வந்தது? 2016-இல் சியுங், ஸ்லேவின் இருவரும் எழுதிய கட்டுரையில் பதில் இருந்தது. ஆய்வு செய்பவரே தேர்வுத்தாள் தயாரித்தால் பலன் ஏறத்தாழ இரு மடங்காகத் தெரிகிறது. சின்ன மாதிரியை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் அதே கதை. நான் என்ன செய்தேன்? வினாத்தாள் நான் தயாரித்தது. கருத்து வரைபடத்தில் எந்தெந்தச் சொல்லைக் கட்டம் கட்டி எழுதினேனோ, அவற்றையே கேட்டிருந்தேன். பாடம் எடுத்ததும் நான், தாள் திருத்தியதும் நான். மாப்பிள்ளையும் நானே, தரகரும் நானே!

பாலசகி ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 0.28 அல்ல, ஒப்பீட்டை அமைத்த விதம். வடோதராவில் முதல் வருடம் பாதிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்குப் பாலசகி வந்தார், மீதிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புக்கு. அடுத்த வருடம் மாற்றிக்கொண்டார்கள். அதனால் எந்தப் பள்ளியும் "எங்களுக்கு ஒன்றும் இல்லையா" என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்புக்கு இன்னொரு பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஒப்பீடு. யாரும் வாயைக் கட்டிக்கொண்டு பாடம் எடுக்க வேண்டியதில்லை. மற்றப் பிள்ளைகள் வழக்கம்போல அவர்கள் வகுப்பில் இருந்தார்கள்.

இன்னொன்றும் அதில் உண்டு. பின்தங்கிய 20 பேர் வெளியே போனதால், வகுப்பில் மிச்சம் இருந்தவர்களுக்குக் கூட்டம் குறைந்தது. அவர்களுக்கும் பலன் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. முன்னேறியவர்கள் பாலசகியிடம் போனவர்கள் மட்டும்தான். திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களுடைய முன்னேற்றமும் 0.1 அளவுக்குத் தேய்ந்திருந்தது. இதையும் அதே கட்டுரையில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். பயிற்சிகளில் இந்த ஆய்வைப் பற்றிப் பேசுபவர்கள் 0.28 என்பதைச் சொல்வார்கள். தேய்ந்த கதையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பயிற்சி என்றதும் ஒரு பழைய வயிற்றெரிச்சல். பி.எட். படித்தபோது எட்கர் டேலின் அனுபவக் கூம்பை வரைந்து ரெக்கார்டில் ஒட்டியிருக்கிறேன். நீங்களும் ஒட்டியிருப்பீர்கள். படித்ததில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டதில் 20, பார்த்ததில் 30, செய்து பார்த்ததில் 90 என்று பக்கத்தில் எண்கள் இருக்கும். டேல் 1946-இல் அந்தக் கூம்பை வரைந்தார், அது உண்மை. ஆனால் அவர் வரைந்த கூம்பில் எண்களே கிடையாது. யாரோ பின்னால் சேர்த்தது. எந்தப் பரிசோதனையிலிருந்தும் வந்தது அல்ல. கொஞ்சம் யோசித்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். பிள்ளைகளை வைத்து அளந்த எந்த எண்ணாவது 10, 20, 30 என்று வாய்ப்பாடு மாதிரி வரிசையாக வந்து நிற்குமா? என் ரெக்கார்டில் ஸ்கெட்ச் பேனாவால் அழகாக நிழல்கூடக் கொடுத்திருந்தேன். முழு மதிப்பெண்.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிப்பதும் இந்த வகைதான். 2008-இல் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள், பாணிக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். நம் சார்ட்டுகள் இன்னும் மாறவில்லை. சரி, இதை விடுவோம்.

வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் நல்லதா? எந்த ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதற்கு ஒரே பதில்தான். நானும் கை தூக்கியவள்தான். இதற்கு எல்லோரும் காட்டும் ஆய்வு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த ஸ்டார். 1985 முதல் 1989 வரை, 79 பள்ளிகள், மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, ஏறத்தாழ 11,600 பிள்ளைகள். பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் மூன்று விதமான வகுப்புகளில் போட்டார்கள். 13 முதல் 17 பேர் உள்ள சிறிய வகுப்பு, 22 முதல் 25 பேர் உள்ள வழக்கமான வகுப்பு, அதே 22 முதல் 25 பேரோடு ஓர் உதவியாளரும் உள்ள வகுப்பு. சிறிய வகுப்பில் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் கூடுதல்.

நான் முதல் தடவை படித்தபோது "அப்பாடா" என்றிருந்தது. இரண்டாம் தடவைதான் அந்த எண்கள் கண்ணில் பட்டன. அவர்கள் ஒப்பிட்டது 15 பேரை 23 பேரோடு. நம்முடைய கல்வி உரிமைச் சட்டமே தொடக்க வகுப்புக்கு 30, அதற்கு மேலே 35 என்கிறது. 45 பேர் இருந்த இடத்தில் 35 ஆனால் என்ன ஆகும் என்பது டென்னசியில் யாரும் கேட்காத கேள்வி. கலிஃபோர்னியா 1996-இல் இந்த ஆய்வை நம்பி மாநிலம் முழுக்க ஒரேயடியாக வகுப்புகளைச் சிறிதாக்கியது. அத்தனை வகுப்புக்கும் ஆசிரியர் வேண்டுமே? அனுபவம் இல்லாதவர்களையும் முழுத் தகுதி பெறாதவர்களையும் அவசரமாக எடுத்தார்கள். எதிர்பார்த்த அளவு பலன் வரவில்லை.

ஸ்டார் ஆய்வின் மூன்றாவது குழுதான் என்னை ரொம்ப நாள் குடைந்தது. உதவியாளர் வைத்தும் மதிப்பெண்ணில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சரி, கூட ஓர் ஆளைப் போடுவது வீண் என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அப்போதுதான் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் நடந்த பரிசோதனை கிடைத்தது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் செய்தது. குலுக்கலில் தேர்ந்தெடுத்த மையங்களில் அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். 18 மாதம் கழித்து, தொடர்ந்து மையத்துக்கு வந்த பிள்ளைகளிடம் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்கம் கூடியிருந்தது. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதமும் குறைந்திருந்தது.

அங்கே கூடுதல் ஆளால் பலன் இல்லை, இங்கே இவ்வளவு பலன். எது சரி? இரண்டும் சரி. கூடுதல் ஆள் வராத மையத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் புரிந்துவிடும். நம் அங்கன்வாடி டீச்சர் சத்துமாவு கொடுக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், ஒரு கட்டுப் பதிவேடு எழுத வேண்டும். இத்தனைக்கும் நடுவில் மிஞ்சும் நேரத்தில்தான் பாட்டும் கதையும் எழுத்தும். ஒருவர் கூட வந்ததும் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. டென்னசியிலோ ஆசிரியர் ஏற்கெனவே முழு நேரமும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். உதவியாளர் வந்ததால் அது கூடவில்லை.

அந்த வைவா கேள்வி எனக்கு உண்மையாகப் புரிந்தது இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அன்றைக்குத்தான். ஒரு திட்டம் 'வேலை செய்கிறது' என்று சொல்வதே பாதி வாக்கியம். அது இல்லாத பிள்ளைகள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது மீதிப் பாதி. அதோடு "தொடர்ந்து மையத்துக்கு வந்த பிள்ளைகள்" என்று ஒரு சின்னச் சொற்றொடர் இருந்ததே, கவனித்தீர்களா? நடுவில் தனியார் எல்.கே.ஜி.க்குப் போய்விட்டவர்களையும் சேர்த்தால் அந்த எண்கள் குறைகின்றன.

இப்படி விட்டுப்போகிறவர்களைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொங்கல் முடிந்ததும் எங்கள் பள்ளியில் நாலைந்து பிள்ளைகள் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ பெற்றோரோடு கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் வாசிப்பில் பின்தங்கியவர்கள் அவர்கள்தான். ஜூனில் முற்சோதனை, மார்ச்சில் பிற்சோதனை என்று வைத்தால் யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலே சராசரி ஏறும். கட்டுரைகளில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருப்பார்கள், அட்ரிஷன் என்று. என் நோட்டில் நான் அதை "உதிர்ந்தவர்கள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் இப்போது முதலில் தேடுவது உதிர்ந்தவர்களைத்தான்.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.எஸ்ஸி. வரை தமிழ் வழியில் படித்தவள் நான். முப்பது பக்க ஆங்கிலக் கட்டுரையை எடுத்தால் முதல் இரண்டு பக்கத்திலேயே கண் கட்டும். இடதுபுறம் அவர்கள் சொல், வலதுபுறம் என் சொல் என்று எழுத ஆரம்பித்தேன். பாடப்புத்தகத் தமிழ் இல்லை, எனக்குப் புரிகிற தமிழ். ஐம்பது அறுபது சொல் சேர்ந்ததும் கட்டுரைகள் இளகிவிட்டன, ஒரே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சூத்திரங்கள் உள்ள பக்கங்களைத் தாண்டிவிடுவேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். சுருக்கத்தைக் கடைசியில் படிப்பேன், அது விற்பனைப் பேச்சு. முதலில் படிப்பது எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, யார் சொல்லிக்கொடுத்தார்கள், தினமும் எவ்வளவு நேரம், யார் தேர்வு வைத்தார்கள் என்கிற பகுதி. அப்புறம் அடிக்குறிப்புகள். மேலே பெரிய எழுத்தில் சொல்லத் தயங்குவதை அங்கேதான் வைத்திருப்பார்கள். காசு கேட்கும் இதழ்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொருளாதாரக்காரர்கள் எழுதும் கல்வி ஆய்வுகளில் நிறைய, வொர்க்கிங் பேப்பர் என்கிற, இதழில் வருவதற்கு முந்தின வடிவத்தில் அவரவர் பக்கத்திலேயே இலவசமாகக் கிடைக்கும்.

நம் மாநிலத்தைப் பற்றிய இன்னொரு கட்டுரையை நான் மூன்று தடவை படித்தேன். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் எழுதியது. தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகள். டிசம்பர் 2021-இல் சோதித்தபோது, 2019-இல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிடக் கணக்கில் ஏறத்தாழ 0.7, மொழியில் ஏறத்தாழ 0.34 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதத்துக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் மரக்காணம் பக்கம்தான் 2021 அக்டோபரில் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மாலை நேரத்தில் தெருத்திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பெண்களில் இரண்டு பேர் என் பழைய மாணவிகள். அந்த 24-ஐப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பழகிப்போன கேள்வி விடுமா? மையத்துக்குப் போகாத பிள்ளைகள் யார்? இங்கே குலுக்கல் இல்லை. போனவர்களும் போகாதவர்களும் அவர்களாகவே பிரிந்தவர்கள். அதனால் ஆய்வாளர்கள் பழைய மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டிருக்கிறார்கள். நல்ல வழிதான். அங்கன்வாடி ஆய்வை நம்புகிற அளவுக்கு இதை நான் நம்பமாட்டேன், ஆனால் ஒதுக்கவும் மாட்டேன். இப்படி ஆய்வுக்கு ஆய்வு நம்பிக்கையைக் கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்ள முடியும் என்பதே எனக்கு எம்.எட்.டில் தெரியாது. ஏற்பது அல்லது மறுப்பது, இரண்டே கதவு.

2023 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்தவர்கள், மூன்றாம் வகுப்பை முழுக்க வீட்டில் கழித்தவர்கள். அறிவியல் கேள்வியைப் புரியவில்லை என்று நினைத்து நான் திரும்பத் திரும்ப விளக்கிக்கொண்டிருந்தேன். கேள்வியை வாசிக்கவே முடியவில்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் ஆறாம் வகுப்புக்கு அப்போது அப்படி ஒன்றும் இல்லை. காலையில் அரை மணி நேரம், நிலைவாரியாகப் பிரித்து வாசிப்பு எடுக்கலாம் என்று எச்.எம்.மிடம் கேட்டேன். "அறிவியல் சிலபஸ் முடிஞ்சா சரி" என்றார்.

இந்தத் தடவை 2012 வேலையைச் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். தேர்வுத்தாள் என்னுடையது இல்லை, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் கணக்கெடுப்பில் பயன்படுத்துகிற எழுத்து, சொல், பத்தி, கதை அட்டை. சோதித்தது நான் இல்லை, ஒன்றாம் வகுப்பு டீச்சர். 'அ' பிரிவில் 34 பேரில் பத்தி வாசிக்க முடியாதவர்கள் 11. 'ஆ' பிரிவில் 33 பேரில் 12. 'ஆ' பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தமிழ் டீச்சர் என்னைவிட எட்டு வயது சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். நான் ஜூலையில் ஆரம்பிக்கிறேன், நீ அரையாண்டு விடுமுறை முடிந்து ஆரம்பி, அதுவரை வழக்கம்போல எடு என்று பேசிவைத்தோம். வழக்கம்போல என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

காலாண்டு விடுமுறை முடிந்து ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் "ப, பா, பி" என்று கூட்டாகச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். 12 பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, திட்டாதீங்க. உங்க பசங்க போர்டுல இருக்கிறதை வாசிச்சுக்கிட்டே போறதை இவங்க ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க. டிசம்பர் வரைக்கும் என்னால முடியாதுக்கா."

என்ன சொல்வது? அன்றைக்கு மதியமே ஒன்றாம் வகுப்பு டீச்சரைக் கெஞ்சி இரண்டு பிரிவையும் சோதிக்க வைத்தேன், இனிமேல் ஒப்பிட ஆள் இருக்காது என்பதால். என் 11 பேரில் 5 பேர் பத்திக்கு வந்திருந்தார்கள். அவளுடைய 12 பேரில் 3 பேர். அந்த மூன்று பேருக்கும் தனியாக யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் மட்டும் அங்கே இல்லையென்றால், ஐந்தையும் என் கணக்கில் எழுதிக்கொண்டு அடுத்த சி.ஆர்.சி. கூட்டத்தில் கைதட்டல் வாங்கியிருப்பேன். ஐந்துக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒன்றும் சொல்ல முடியாது. டி மதிப்பு போட்டுப் பார்க்கவில்லை.

பதிவேட்டில் 'ஆ' பிரிவுக்கு எதிரே அக்டோபர் 9 என்று தேதி போட்டுக்கொண்டேன். தமிழ் டீச்சர் என் சொல் அட்டைகளை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலை எனக்கு வேண்டியிருந்தது. கேட்டால், பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள் என்றாள்.